போஸ்ட்ஜிஐஎஸ்: எஸ்டி_ஸ்ப்ளிட் சில புலங்களை மட்டும் ஏன் வெட்டாமல் விடுகிறது?

போஸ்ட்ஜிஐஎஸ் என்பது போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் நிலவரைபட வடிவங்களைக் கையாள உதவும் நீட்சி. ஒரு வடிவத்தை இன்னொன்றால் வெட்ட அதில் உள்ள ஃபங்ஷன் எஸ்டி_ஸ்ப்ளிட். கேள்வியின் சுருக்கம் இது. ஒரு டேபிளில் கிராமத்தின் புலங்கள் பலகோணங்களாக இருக்கின்றன. இன்னொன்றில் புதிய சாலைகளின் நடுக்கோடுகள். சாலை குறுக்கே போகும் புலங்களைப் பிரிக்க எஸ்டி_ஸ்ப்ளிட்டை ஓட்டினால் மூன்று தொல்லைகள். சில புலங்கள் வெட்டுப்படாமல் முழுசாகவே திரும்பி வருகின்றன. சில புலங்கள் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை வருகின்றன, பரப்பைக் கூட்டினால் கிராமமே பெரிதாகிவிட்டது போலத் தெரிகிறது. வந்த முடிவை டேபிளின் பாலிகன் (பலகோண) ஃபீல்டில் போடப்போனால், இது ஜியாமெட்ரி கலெக்‌ஷன், இங்கே பொருந்தாது என்று எரர் வருகிறது.

மூன்றையும் ஒவ்வொன்றாகச் சரிசெய்யலாம். ஆனால் அந்த ஃபங்ஷன் உள்ளே என்ன செய்கிறது என்பதைப் பார்த்துவிட்டால், இந்த மூன்று மட்டுமல்ல, நாளைக்கு வரப்போகும் நாலாவதும் தானாகவே புரிந்துவிடும். அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன். எழுத்து மிச்சமாகட்டும் என்று இனி 'எஸ்டி' முன்னொட்டை விட்டுவிட்டு ஸ்ப்ளிட், ஸ்னாப், டம்ப் என்றே எழுதுகிறேன்.

ஸ்ப்ளிட்டை எல்லாரும் கத்தி மாதிரி நினைக்கிறோம். கோட்டை வைத்து அழுத்தினால் பலகோணம் இரண்டாகப் போய்விடும் என்று. உள்ளே நடப்பது வேறு. முதலில் பலகோணத்தின் எல்லைக்கோட்டைத் தனியாக எடுக்கிறது. அதையும் வெட்டுக்கோட்டையும் யூனியன் செய்து, அதாவது ஒன்றாகச் சேர்த்து, எங்கெல்லாம் கோடுகள் சந்திக்கின்றனவோ அங்கெல்லாம் ஒரு முனையை உண்டாக்கித் துண்டுக் கோடுகளாக ஆக்குகிறது. அப்புறம் அந்தத் துண்டுக் கோடுகளை வைத்து மூடிய பரப்புகள் எத்தனை கிடைக்கும் என்று பார்த்து, புதிதாகப் பலகோணங்களைக் கட்டுகிறது. கடைசியாக, ஒவ்வொரு புதுப் பலகோணத்துக்குள்ளும் ஒரு புள்ளி எடுத்து, அது பழைய பலகோணத்துக்குள் விழுகிறதா என்று சோதித்து, விழுவதை மட்டும் வைத்துக்கொள்கிறது. எல்லைகளை உடைத்து மறுபடி கட்டுகிறது என்று சொல்வதுதான் பொருத்தம். இந்த வேலையின் பளுவான பகுதியைச் செய்வது ஜியாஸ் நூலகம். ஜாவாவில் எழுதிய ஜேடிஎஸ்ஸின் சி பிளஸ் பிளஸ் வடிவம் அது. ஸ்ப்ளிட் என்ற ஃபங்ஷன் வந்தது போஸ்ட்ஜிஐஎஸ் 2.0-இல், 2012-இல். எழுதியவர் சாண்ட்ரோ சாண்டில்லி.

இப்போது கையால் ஒரு சோதனை போட்டுப் பார்ப்போம். (0,0) முதல் (100,100) வரை ஒரு சதுரம். வெட்டுக்கோடு (50,-10)-இல் தொடங்கி (50,110)-இல் முடிகிறது. இரண்டு துண்டுகள் கிடைக்கும், ஒவ்வொன்றும் 5,000 சதுர அலகு. சரி. இப்போது கோட்டை (50,60)-உடன் நிறுத்துங்கள். சதுரத்துக்குள் பாதிக்கு மேல் போயிருக்கிறது, ஆனால் எதிர்ப்பக்கம் எட்டவில்லை. முடிவு: ஒரே துண்டு, பழைய 10,000. எரரும் கிடையாது, எச்சரிக்கையும் கிடையாது. உள்ளே தொங்கிக்கொண்டிருக்கும் கோட்டால் எந்தப் பரப்பையும் மூட முடியாது. அதனால் மறுபடி கட்டும்போது அந்தத் தொங்கல் அப்படியே கழிந்துவிடுகிறது.

உங்கள் முதல் தொல்லையில் பாதி இதுதான் என்று நினைக்கிறேன். சாலை புலத்துக்குள்ளேயே முடிகிறதா, அல்லது வரைந்தவர் எல்லை வரை இழுத்தோம் என்று நினைத்து ஒரு சென்டிமீட்டர் முன்னால் விட்டுவிட்டாரா என்று பாருங்கள். திரையில் பார்த்தால் தொட்டுக்கொண்டிருப்பது போலவே இருக்கும்.

குளமோ கிணறோ உள்ள புலத்தில் இன்னொரு வேடிக்கை உண்டு. நடுவே ஓட்டை உள்ள பலகோணம் அது. வெளி எல்லையிலிருந்து ஓட்டையின் விளிம்பு வரை ஒரு கோடு போட்டால், இரண்டு பக்கமும் தொட்டாயிற்றே, வெட்டுப்படும் என்று தோன்றும். படாது. ஓட்டையைச் சுற்றி மறுபக்கமாக நடந்தே அந்தக் கோட்டின் இன்னொரு புறத்துக்கு வந்துவிடலாம், அதாவது நிலம் இன்னும் ஒன்றாகத்தான் இருக்கிறது. கோடு குளத்தைத் தாண்டி எதிர்ப்பக்க வெளி எல்லை வரை போனால்தான் இரண்டு துண்டு. குளமும் ஒரு துண்டாக வந்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம், கடைசியில் செய்யும் புள்ளிச் சோதனை அதைத் தள்ளிவிடும்.

முதல் தொல்லையின் மறுபாதி தசமத்தில் இருக்கிறது. மேலே சொன்ன சதுரத்தில் கோடு சரியாக (50,100)-இல் முடிந்தாலும் வெட்டுப்படும், ஏனென்றால் அந்த விளிம்பு கிடைமட்டமாக இருக்கிறது, 100 என்ற எண்ணையும் துல்லியமாகச் சேமிக்க முடியும். சாய்ந்த விளிம்பில் கதை வேறு. (0,0)-இலிருந்து (3,1)-க்கு ஒரு கோடு என்று வையுங்கள். அதில் எக்ஸ் 1 ஆக இருக்கும் இடத்தில் ஒய் மூன்றில் ஒன்று. 0.3333 என்று எத்தனை இலக்கம் போட்டாலும் 64 பிட் எண்ணில் மூன்றில் ஒன்று துல்லியமாக அடங்காது. கோட்டின் மேல் வைத்ததாக நாம் நினைக்கும் புள்ளி உண்மையில் மயிரிழை மேலேயோ கீழேயோதான் இருக்கும். இரண்டும் தொடுகின்றனவா என்று சோதிக்கும் இன்டர்செக்ட்ஸைக் கேட்டால் 'இல்லை' என்று சொல்லும். மிக அருகில் உள்ள புள்ளியைத் தரும் க்ளோசஸ்ட்பாயின்ட்டை வைத்து அந்தக் கோட்டிலிருந்தே எடுத்த புள்ளிக்கும் பல சமயம் இதே கதிதான். மீட்டரில் அளக்கும் யுடிஎம் ஆயமுறையில், நிலநடுக்கோட்டிலிருந்து தமிழ்நாட்டின் வடக்குத் தூரம் 9 லட்சத்திலிருந்து 15 லட்சம் மீட்டர் வரை வரும். 12 லட்சம் அளவிலான எண்ணில், அடுத்தடுத்துச் சேமிக்கக்கூடிய இரண்டு மதிப்புகளுக்கு நடுவே இடைவெளி ஒரு மீட்டரில் சுமார் 430 கோடியில் ஒரு பங்கு. நிலத்தில் அது ஒன்றுமே இல்லை. முனை சேர்ந்ததா இல்லையா என்று பார்க்கும் நிரலுக்கு அது 'சேரவில்லை'.

தீர்வு எளிது: கோட்டை எல்லையில் நிறுத்தாதீர்கள், கொஞ்சம் தாண்ட விடுங்கள். போஸ்ட்ஜிஐஎஸ் 3.4 வந்ததிலிருந்து லைன்எக்ஸ்டெண்ட் என்றே ஒரு ஃபங்ஷன் இருக்கிறது, கோட்டின் இரு முனைகளையும் நீங்கள் சொல்லும் அளவுக்கு நீட்டித் தரும். 10 சென்டிமீட்டர் நீட்டினாலே போதும். பக்கத்துப் புலத்துக்குள் 10 சென்டிமீட்டர் நுழைந்தால் அதையும் வெட்டிவிடாதா என்று கேட்பீர்கள். வெட்டாது. அங்கே அது வெறும் தொங்கல், கழிந்துவிடும். ஒரு மூலையைச் சீவிக்கொண்டு போனால் மட்டும் சிக்கல், அதைக் கடைசியில் சொல்லும் சோதனையில் பிடித்துவிடலாம்.

டாக்குமென்டேஷன் இந்த இடத்தில், ஒரு வடிவத்தை இன்னொன்றோடு ஒட்டவைக்கும் ஸ்னாப்பைப் பரிந்துரைக்கிறது. அதுவும் நல்ல வழிதான், ஆனால் எதை எதற்கு ஒட்டுகிறீர்கள் என்பதில் கவனம் வேண்டும். ஸ்னாப் ஒட்டவைப்பது இரண்டாவது வடிவத்தின் முனைகளோடுதான், அதன் விளிம்புகளோடு அல்ல. வெட்டுக்கோட்டின் நுனி புலத்தின் நீண்ட வரப்பு ஒன்றின் நடுவே விழுகிறது என்றால், அங்கே முனையே கிடையாது. கோட்டைப் புலத்துக்கு ஸ்னாப் செய்தாலும் எதுவும் நடக்காது. திருப்பிப் போட்டு, புலத்தைக் கோட்டுக்கு ஸ்னாப் செய்தால் வரப்பின் நடுவே ஒரு முனை புதிதாக முளைக்கும், வெட்டும் சுத்தமாக விழும். ஆனால் எல்லையே கொஞ்சம் நகர்ந்துவிடுகிறது. பட்டா நிலத்தின் எல்லையை ஒரு சாலைக்கோட்டுக்காக நகர்த்துவது எனக்குப் பிடிக்காது, அரை மில்லிமீட்டர் ஆனாலும். அதனால்தான் நீட்டும் வழியை முதலில் சொன்னேன்.

இன்னொரு இடத்திலும் இந்த மயிரிழை நுழையும். டேட்டா 4326-இல், அதாவது பாகையில் இருக்கிறது, பரப்பு மீட்டரில் வேண்டும் என்று ட்ரான்ஸ்ஃபார்ம் செய்கிறீர்கள். ட்ரான்ஸ்ஃபார்ம் முனைகளை மட்டும்தான் மாற்றும், நடுவில் உள்ள விளிம்பை நேர்கோடாகவே இழுத்துவிடும். பாகையில் ஒரு வரப்பின் நடுவைத் தொட்டுக்கொண்டிருந்த கோட்டு நுனி, மாற்றிய பிறகு தொடாமல் போகலாம். முதலில் மாற்றுங்கள், அப்புறம் நீட்டுங்கள், அப்புறம் வெட்டுங்கள். இந்த வரிசையை மாற்ற வேண்டாம். பூமியின் வளைவைக் கணக்கில் கொள்ளும் ஜியாக்ரஃபி வகையை ஸ்ப்ளிட் வாங்கவே வாங்காது. எஸ்ஆர்ஐடி, அதாவது 4326 போன்ற ஆயமுறை எண், இரண்டுக்கும் ஒன்றாக இல்லையென்றால் எரர்தான். தமிழ்நாட்டில் வேலை செய்பவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை: யுடிஎம்மின் இரண்டு மண்டலங்களைப் பிரிக்கும் 78 பாகை தீர்க்கரேகை மாநிலத்தின் நடுவாகப் போகிறது. கோவை, ஈரோடு, திருநெல்வேலி எல்லாம் 43-ஆம் மண்டலம், எஸ்ஆர்ஐடி 32643. சென்னை, திருச்சி, தஞ்சாவூர், மதுரை எல்லாம் 44-ஆம் மண்டலம், எஸ்ஆர்ஐடி 32644. திண்டுக்கல், கரூர் பக்கம் டேட்டா வந்தால் எதில் இருக்கிறது என்று பார்த்துவிட்டுத் தொடுங்கள்.

இரண்டாவது தொல்லைக்கு வருவோம். புலம் ஒன்று இரண்டு மூன்று தடவை வருவது ஸ்ப்ளிட்டின் தப்பு இல்லை, இரண்டு டேபிள்களை இணைக்கும் ஜாயினின் விளைவு. புலங்களையும் சாலைகளையும் இன்டர்செக்ட்ஸ் வைத்து ஜாயின் செய்தால், ஒரு புலத்தை இரண்டு சாலைகள் கடக்கும்போது அந்தப் புலத்துக்கு இரண்டு ரெக்கார்டு கிடைக்கும். முதல் ரெக்கார்டில் முழுப் புலத்தை முதல் சாலை வெட்டுகிறது. இரண்டாவதில் அதே முழுப் புலத்தை, வெட்டுப்படாத பழைய புலத்தை, இரண்டாவது சாலை வெட்டுகிறது. நான்கு துண்டுகள், மொத்தப் பரப்பு இரண்டு மடங்கு. ஒன்றின் மேல் ஒன்று கிடப்பதால் வரைபடத்தில் பார்த்தால் எல்லாம் சரியாக இருப்பது போலவே தெரியும்.

செய்ய வேண்டியது: புல எண் வாரியாக குரூப் செய்து, அந்தப் புலத்தைத் தொடும் எல்லாச் சாலைகளையும் யூனியன் வைத்து ஒரே வெட்டுக்கோடாக ஆக்குங்கள். அப்புறம் புலத்துக்கு ஒரு தடவைதான் ஸ்ப்ளிட். பலகோணத்தைப் பல்கோட்டால், மல்ட்டிலைன்ஸ்ட்ரிங்கால், வெட்டும் வசதி 2.5 பதிப்பில்தான் வந்தது. அதற்கு முந்தியதில் இருப்பவர்கள் ஸ்ப்ளிட்டை விட்டுவிட்டு, அது உள்ளே செய்வதையே கையால் செய்யலாம்: பவுண்டரி, யூனியன், பாலிகனைஸ், பாயின்ட்ஆன்சர்ஃபேஸ். இரண்டு சாலைகள் புலத்துக்கு நடுவே 'டி' வடிவில் சந்தித்தாலும் இந்த வழியில் மூன்று துண்டுகள் சுத்தமாக வரும். ஒவ்வொரு சாலையாக வெட்டிக்கொண்டு போனால், வரிசையைப் பொறுத்து அந்த 'டி'யின் கால் முதல் சுற்றில் தொங்கலாகிக் காணாமல் போகும்.

குரூப் செய்யும்போது லெஃப்ட் ஜாயின் போடுங்கள், இல்லையென்றால் சாலை தொடாத புலங்கள் முடிவிலிருந்தே விழுந்துவிடும். லெஃப்ட் ஜாயின் போட்டால் மட்டும் போதாது. சாலை இல்லாத புலத்துக்கு வெட்டுக்கோடு நல் (NULL), அதாவது மதிப்பே இல்லை. ஸ்ப்ளிட்டுக்கு ஒரு பக்கம் நல் கொடுத்தால் முடிவும் நல், புலத்தின் வடிவமே போய்விடும். கோலெஸ்ஸ் வைத்து, நல் வந்தால் பழைய வடிவத்தையே எடுத்துக்கொள் என்று சொல்லிவிடுங்கள். இதை மறந்தால் யாரும் உடனே கண்டுபிடிக்க மாட்டார்கள், மூன்று மாதம் கழித்து யாரோ ஒருவர் தன் புல எண்ணைத் தேடும்போதுதான் தெரியும்.

மூன்றாவது தொல்லை மூன்றிலும் சின்னது. ஸ்ப்ளிட் எப்போதுமே கலெக்‌ஷனாகத்தான் திருப்பித் தரும், அதாவது வடிவங்களின் தொகுப்பாக, ஒரே துண்டு இருந்தாலும். தொகுப்பைத் தனித்தனியாகப் பிரிக்கும் டம்ப்பைச் செய்து, அதன் முடிவில் 'ஜியோம்' என்ற பகுதியை எடுத்தால் துண்டுக்கு ஒரு ரெக்கார்டு. 'பாத்' என்ற பகுதியில் துண்டின் வரிசை எண் இருக்கும், 112/2 என்ற புலத்தின் துண்டுகளுக்குத் தற்காலிக அடையாளமாக அதை வைத்துக்கொள்ளலாம். தற்காலிகம் என்பதை அழுத்திச் சொல்கிறேன். அந்த வரிசைக்கு எந்த உத்தரவாதமும் இல்லை, டேட்டா லேசாக மாறினாலும் துண்டுகள் இடம் மாறி வரலாம். உட்பிரிவு எண் தருவது நில அளவைத் துறையின் வேலை, நம் குவெரியின் வேலை அல்ல. பழைய ரெக்கார்டிலிருந்து பரப்பு ஃபீல்டை அப்படியே துண்டுகளுக்குக் காப்பி செய்துவிடவும் வேண்டாம், புதிதாகக் கணக்கிடுங்கள்.

இத்தனையும் சொன்ன பிறகு ஒன்று கேட்கிறேன்: உங்களுக்கு உண்மையிலேயே ஸ்ப்ளிட்தான் வேண்டுமா? சாலைக்கு அகலம் உண்டு. நடுக்கோட்டால் வெட்டினால் சாலைக்கு இந்தப் பக்கத்துத் துண்டும் அந்தப் பக்கத்துத் துண்டும் நடுக்கோட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும், சாலைக்குப் போகும் நிலம் எவ்வளவு என்று தெரியாது. நிலம் எடுப்புக் கணக்குக்காகச் செய்கிறீர்கள் என்றால், நடுக்கோட்டை இரு பக்கமும் பாதி அகலத்துக்கு பஃபர் செய்து, அதாவது பட்டையாக விரித்து, முனையை வட்டமாக விடாமல் தட்டையாக வைத்து, இன்டர்செக்‌ஷன் எடுத்தால் சாலைக்குப் போகும் பகுதி, டிஃபரன்ஸ் எடுத்தால் மிஞ்சும் பகுதி. அங்கே ஸ்ப்ளிட்டுக்கு வேலையே இல்லை. பலகோணத்தைப் பலகோணத்தால் ஸ்ப்ளிட் செய்யப்போனால் ஆதரவில்லை என்று எரர் வரும், அதற்கும் இதே இன்டர்செக்‌ஷன், டிஃபரன்ஸ் ஜோடிதான். அல்லது வெட்டும் பலகோணத்தின் பவுண்டரியை மட்டும் எடுத்து வெட்டுக்கோடாகக் கொடுக்கலாம்.

பாகப்பிரிவினைக்காகச் செய்கிறவர்களும் இதே ஃபங்ஷனைத் தேடி வருவார்கள்: ஐந்து ஏக்கர் புலத்தில் கிழக்கே 2 ஏக்கர் 40 சென்ட் தனியாக வேண்டும், கோட்டை எங்கே போடுவது? ஸ்ப்ளிட் வெட்டும், எங்கே வெட்ட வேண்டும் என்று சொல்லாது. இடத்தைக் கண்டுபிடிக்கப் பாதி பாதியாகத் தேட வேண்டும். 2.40 ஏக்கர் என்பது சுமார் 9,712 சதுர மீட்டர். புலத்தின் மேற்கு ஓரம், கிழக்கு ஓரம் இரண்டுக்கும் நடுவே ஒரு வடக்குத் தெற்குக் கோட்டை நினைத்துக்கொண்டு, அதற்குக் கிழக்கே உள்ள பரப்பை, மேக்என்வலப் வைத்துச் செய்த ஒரு செவ்வகத்தோடு இன்டர்செக்‌ஷன் எடுத்து அளந்து பாருங்கள். அதிகமாக இருந்தால் கோட்டைக் கிழக்கே தள்ளுங்கள், குறைவாக இருந்தால் மேற்கே. ஒவ்வொரு தடவையும் மிச்சமுள்ள தூரத்தில் பாதி. 200 மீட்டர் அகலப் புலத்தில் 20 தடவை பாதியாக்கினால் இடைவெளி 0.2 மில்லிமீட்டருக்கு வந்துவிடும். போஸ்ட்கிரெஸ்ஸின் நிரல் மொழியான பிஎல்பிஜிஎஸ்கியூஎல்லில் ஒரு லூப், கண் இமைக்கும் நேரம்கூட ஆகாது. இடம் கிடைத்ததும், கோட்டை இரு பக்கமும் தாராளமாக நீட்டிக் கடைசியில் ஒரே ஒரு ஸ்ப்ளிட். புலம் 'எல்' வடிவிலோ பிறை வடிவிலோ இருந்தால் ஒரு நேர்க்கோடு மூன்று துண்டுகளைக்கூடத் தரும், அப்போது கிழக்கே உள்ளவை எல்லாவற்றையும் சேர்த்துப் பாருங்கள். குவெரி தருவது மதிப்பீடு மட்டும்தான். சர்வேயர் வந்து கல் நடும் இடம்தான் செல்லும்.

கோட்டைப் புள்ளியால் வெட்டுவதைப் பற்றியும் இரண்டு வார்த்தை, ஏனென்றால் சாலையைப் பேருந்து நிறுத்தங்களில் பிரிக்கப்போய் இதே இடத்தில் மாட்டிக்கொள்பவர்கள் நிறைய. புள்ளி கோட்டின் மேலேயே துல்லியமாக இல்லையென்றால் ஸ்ப்ளிட் சும்மா விட்டுவிடும், மேலே சொன்ன மூன்றில் ஒன்றுக் கதை. அங்கே ஸ்ப்ளிட்டோடு மல்லுக்கட்டுவதைவிட, லைன்லொகேட்பாயின்ட் வைத்து ஒவ்வொரு நிறுத்தமும் கோட்டின் எத்தனையாவது பின்னத்தில் இருக்கிறது என்று கண்டுபிடித்து, வரிசைப்படுத்தி, அடுத்தடுத்த இரண்டு பின்னங்களுக்கு நடுவே லைன்சப்ஸ்ட்ரிங் எடுப்பது நிம்மதி. தொடுகிறதா தொடவில்லையா என்ற கேள்வியே அதில் வராது. கோட்டைக் கோட்டால் வெட்டும்போது, இரண்டும் ஒரு தூரத்துக்கு ஒன்றின் மேல் ஒன்று ஓடினால் ஸ்ப்ளிட் எரர் போட்டு நின்றுவிடும். டிஃபரன்ஸுக்கு மாறிவிடுங்கள். பலகோணத்தில் இந்தத் தடை கிடையாது, வெட்டுக்கோடு வரப்போடு சேர்ந்து ஓடினாலும் யூனியன் பார்த்துக்கொள்ளும்.

பக்கத்துப் புலங்களையும் கவனியுங்கள். நீங்கள் ஒரு புலத்தை வெட்டும்போது பொதுவான வரப்பில் ஒரு புது முனை விழுகிறது. அந்த வரப்பின் மறுபக்கப் புலத்தில் அந்த முனை இல்லை. மயிரிழை அளவுக்கு இடைவெளியோ மேற்படிவோ உண்டாகும், பின்னால் டச்சஸ் வைத்து அண்டைப் புலங்களைத் தேடினால் சில ஜோடிகள் கிடைக்காது. போதாக்குறைக்கு, புலப்படங்கள் ஒவ்வொரு புலமாக அளந்து தனித்தனியாக வரைந்தவை, ஒன்றாகச் சேர்த்து வைக்கும்போது ஏற்கெனவே விளிம்புகள் சரியாகப் பொருந்தியிருக்காது. அண்டைத் தொடர்பு முக்கியம் என்றால் புலம் புலமாக வெட்டாதீர்கள். கிராமத்தின் எல்லா எல்லைகளையும் எல்லாச் சாலைகளையும் ஒரே யூனியனில் போட்டு, மொத்தமாகப் பாலிகனைஸ் செய்து, ஒவ்வொரு துண்டின் உட்புள்ளியும் எந்தப் பழைய புலத்துக்குள் விழுகிறதோ அந்த எண்ணைக் கொடுங்கள். எந்தப் புலத்துக்குள்ளும் விழாத மெல்லிய கீற்றுகள் வந்தால், அவை நீங்கள் உண்டாக்கியவை அல்ல, மூலப் படங்களிலேயே இருந்த இடைவெளிகள். 3.4-இல் கவரேஜ்இன்வேலிட்எட்ஜஸ் என்ற ஃபங்ஷன் இருக்கிறது, வெட்டுவதற்கு முன்னால் அதை ஓட்டினால் எங்கெங்கே பொருந்தவில்லை என்று கோடாகவே காட்டும்.

கடைசியாகச் சோதனை. வெட்டுவதற்கு முன்பு, வடிவம் முறையாக இருக்கிறதா என்று சொல்லும் இஸ்வேலிட்டை ஓட்டுங்கள், தன்னைத்தானே வெட்டிக்கொள்ளும் பலகோணம் ஒன்று இருந்தாலும் டோபாலஜி எக்ஸெப்‌ஷன் வந்து மொத்தக் குவெரியும் நின்றுவிடலாம். மேக்வேலிடால் சரிசெய்தவற்றைக் கண்ணால் ஒரு தடவை பாருங்கள். வெட்டிய பிறகு புல எண் வாரியாகத் துண்டுகளின் பரப்பைக் கூட்டி, பழைய பரப்போடு ஒப்பிடுங்கள். 0.01 சதுர மீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் அந்தப் புலம் தனிக்கவனத்துக்கு. கிட்டத்தட்ட சரியாக இரண்டு மடங்கு வந்தால் ஜாயினைப் பாருங்கள். கோடு புலத்தைக் கடக்கிறதா என்று சோதிக்கும் க்ராசஸ் 'ஆம்' என்று சொல்லியும் ஒரே துண்டாக நிற்கும் புலங்களைத் தனியே எடுத்தால், உங்கள் முதல் தொல்லைக்கான பட்டியல் அதுதான், பெரும்பாலும் தொங்கல்களாக இருக்கும். 1 சதுர மீட்டருக்குக் குறைவான துண்டுகள், மூலை சீவியதில் வந்தவை. அவற்றை அழித்துவிடாதீர்கள், அதே புல எண்ணில் ஒட்டியிருக்கும் பெரிய துண்டோடு யூனியன் செய்துவிடுங்கள், இல்லையென்றால் கூட்டல் மறுபடி உதைக்கும்.